எட்டு வேற்றுமையோடு இலத்தீனுக்குப் போன ஏழாம் வகுப்பு மாணவி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிக்கு அருகே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிற்றூர். மாணவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியவள். தந்தைக்குக் கொஞ்சம் தேயிலை நிலம். கொழுந்து பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார். தாய் வீட்டிலேயே தைக்கிறார். பாட்டியும் உடன் இருக்கிறார். நான் அதே தெருவில் வசிக்கும், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. மாலையில் அவளுக்கு வீட்டுப்பாடம் பார்த்துக் கொடுப்பது வழக்கம்.

இலத்தீன் ஆசை குன்னூர் சிம்ஸ் பூங்காவில் தொடங்கியது. 1874-இல் உருவான அந்தப் பூங்காவுக்குப் பள்ளியில் அழைத்துப் போயிருந்தார்கள். மரங்களின் பெயர்ப் பலகையில் தமிழும் இல்லாத, ஆங்கிலமும் இல்லாத ஒரு பெயரைப் பார்த்து, அது என்ன மொழி என்று கேட்டிருக்கிறாள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலிலிருந்து தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறை நிலைத்தது என்றும், அந்த மொழி இலத்தீன் என்றும் அறிவியல் ஆசிரியர் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னிடம் அவள் கேட்டது வேறு: "தேயிலையின் பெயர் கமேலியா சினென்சிஸ். ஆரஞ்சுக்கும் சித்ருஸ் சினென்சிஸ். இரண்டிலும் சினென்சிஸ் ஏன் டீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. 'சீனத்தைச் சேர்ந்த' என்று பொருள் என்பதை மறுநாள் அவளே தேடி வந்து சொன்னாள்.

கட்டணம் இல்லாத இணையவழி வகுப்பு ஒன்றையும் அவளே கண்டுபிடித்தாள். பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது, முப்பது பாடங்கள். காணொளிகளை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட, கணினியே திருத்தும் குறுந்தேர்வு. புதன்கிழமை இரவு எட்டரைக்கு நேரலை வகுப்பு. எல்லாமே ஆங்கிலத்தில். வீட்டில் இணைய வசதியுள்ள செல்பேசி ஒன்றுதான். அது தந்தையோடு ஏழு மணிக்குமேல்தான் வீடு திரும்பும்.

எனக்கு இலத்தீன் தெரியாது. வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார், அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது என்பது மட்டும் தெரியும். அதை நாற்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த மொழி எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதல் ஆறு வாரங்களில் கண்டவை

ஆறு குறுந்தேர்வுகளில் அவள் வாங்கிய மதிப்பெண்கள் 4, 3, 5, 3, 4, 2. ஆறாவது வாரம் அழுதுகொண்டு வந்தாள். தந்தை, "மார்க்கும் வராது, பள்ளிக்கும் உதவாது. இதற்கு எதற்கு இவ்வளவு நேரம் டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்லும் முன் விடைகளைப் பார்க்க விரும்பினேன்.

அறுபது விடைகளையும் ஒரு தாளில் எழுதி வகை பிரித்தேன். முப்பத்தொன்பது தவறு. அவற்றில் பதினேழு, ஆங்கிலத்தில் 'தி', 'எ' விட்டுப்போனதாலும் வினைச்சொல்லில் 'எஸ்' விட்டுப்போனதாலும் வந்தவை. ஒன்பது, ஆங்கிலச் சொல் வரிசை பிசகியவை. ஐந்து, சொல்லே தெரியாதவை. இலத்தீன் விகுதியைப் பிழையாகப் புரிந்துகொண்டவை எட்டுத்தான்.

இலத்தீனில் 'தி'யும் இல்லை, 'எ'யும் இல்லை. தமிழிலும் இல்லை. 'புவெல்ல ரொசம் அமத்' என்ற வரியை அவள் பார்த்த உடனே 'சிறுமி ரோசாவை நேசிக்கிறாள்' என்று மனத்துக்குள் சரியாகச் சொல்லிவிடுகிறாள். சொல் வரிசைகூட அப்படியே பொருந்துகிறது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது விழுகிறாள். குறுந்தேர்வு அளந்தது அவளுடைய ஆங்கிலத்தை.

முதல் முடிவு: விடை தமிழில்

மூன்று வழிகள் இருந்தன. நிறுத்திவிடலாம், ஆங்கிலத்தை முதலில் சரிசெய்துவிட்டு ஓராண்டு கழித்து வரலாம், அல்லது ஆங்கிலத்தைக் காணொளி கேட்பதோடு நிறுத்தி, விடைகளைத் தமிழில் எழுதலாம். இரண்டாவது வழியைத்தான் பலர் சொல்லியிருப்பார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் வந்த ஆசை ஓராண்டு பெட்டியில் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவதைத் தேர்ந்தோம்.

தந்தையோடு ஓர் ஒப்பந்தம்: வாரம் நான்கு நாள், நாளுக்கு அரை மணி. பள்ளி மதிப்பெண் குறைந்தால் உடனே நிறுத்தம். குறுந்தேர்வுகளை ஒரு மாதம் தொடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். நேரலை ஆசிரியைக்கு மாணவியே தட்டுத்தடுமாறி ஒரு கடிதம் எழுதினாள். தமிழ் விடையைத் தம்மால் திருத்த முடியாது, ஆனால் வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் போதும் என்று அவர் பதில் தந்தார்.

அடுத்த மாதம் வேகமாகப் போனது. 'அமோ, அமாஸ், அமத்' என்பதை நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறாள் என்று வைத்தாள். அமத் என்பதில் அவனும் அவளும் அதுவும் அடங்கும் என்பதை, 'இதில் தமிழ்தான் நுட்பம்' என்று நோட்டில் குறித்திருந்தாள். வாக்கியத்தின் முதற்சொல்லோடு 'னெ' ஒட்டினால் கேள்வி: அமத்னெ, நேசிக்கிறாளா. தமிழ் 'ஆ' செய்யும் வேலை. 'மிஹி சொரொர் எஸ்த்' என்றால் சொல்லுக்குச் சொல் 'எனக்குச் சகோதரி இருக்கிறாள்'. இந்த வாக்கியத்துக்கு நேரலை வகுப்பில் கால் மணி நேரம் விளக்கம் நடந்ததாம். "இதில் விளக்க என்ன இருக்கிறது என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன் டீச்சர்" என்றாள்.

பாட்டியின் பூசை மொழி

செப்டம்பரில் ஒரு மாலை அவள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து பாட்டி, "தொமினுஸ் வோபிஸ்கும்" என்றார். கத்தோலிக்கக் குடும்பம். வழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், அதாவது 1960-களின் நடுப்பகுதி வரை, பூசை இலத்தீனில் நடந்தது. சிறுமியாக இருந்தபோது கேட்ட மறுமொழிகள் பாட்டிக்கு இன்னும் மனப்பாடம். பொருள் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாணவி அந்தச் சொல்லைப் பிரித்தாள். வோபிஸ், நீங்கள் என்பதன் ஒரு வடிவம். கும் என்றால் 'ஓடு'. இலத்தீனில் இப்படிப்பட்ட சொற்கள் பெயருக்கு முன்னால் வரும் என்று பாடத்தில் படித்திருந்தாள். இங்கே பின்னால் ஒட்டியிருக்கிறது: உங்களோடு. தன்மை, முன்னிலை இடப்பெயர்களோடு 'கும்' இப்படித்தான் சேரும் என்பது பின்னொரு பாடத்தில் வந்தது. அதற்கு முன்பே பாட்டி வழியாக அவளுக்கு வந்துவிட்டது. 'ஆண்டவர் உங்களோடு.' தமிழ்ப் பூசையில் ஞாயிறுதோறும் கேட்பதுதான். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை நாளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோமா?" என்றார்.

அடுத்த வாரமே சிறு மனத்தாங்கல். பாட்டி 'ஆஞ்ஞுஸ் தேயி' (இறைவனின் செம்மறி) என்றார். வகுப்பில் கற்ற உச்சரிப்புப்படி 'அக்னுஸ்' என்று பேத்தி திருத்தினாள். பாட்டி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. திருச்சபை உச்சரிப்பும், பழைய உரோமர் பேசியதாக அறிஞர்கள் மீட்டெடுத்த உச்சரிப்பும் வேறு. இரண்டும் இன்றும் வழக்கில் உள்ளவை. இதை முன்பே படித்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நோட்டுக்கு வகுப்பு உச்சரிப்பு, பாட்டியிடம் பாட்டியின் உச்சரிப்பு என்று வைத்துக்கொண்டோம்.

அக்டோபர்: நான் சொல்லிக்கொடுத்த தவறு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். தமிழ் வழியாக வேறு மொழி கற்பிக்கும் எவரும் இந்தக் குழியில் விழ வாய்ப்பு உண்டு.

இலத்தீன் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால். ஆண்பால், பெண்பால் தவிர மூன்றாவதை என்ன சொல்வது என்று அவள் கேட்டபோது, சற்றும் யோசிக்காமல், "நம் அஃறிணை மாதிரி என்று வைத்துக்கொள்" என்றேன். அந்த மூன்றாம் பாலில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம். தோனும் என்றால் பரிசு. 'தோனும் தோ' என்றால் பரிசு கொடுக்கிறேன். தமிழிலும் 'பரிசைக் கொடுக்கிறேன்' என்று எப்போதும் சொல்வதில்லை. 'பரிசு கொடுக்கிறேன்' போதும். எல்லாம் பொருந்திவிட்டது. பொருந்தியதால் இரண்டு வாரம் யாருக்கும் ஐயம் வரவில்லை.

பிறகு அவள் எழுதிய வாக்கியங்களில் ஒரு விநோதம் தெரிந்தது. 'சிறுமியைப் பார்க்கிறான்' என்பதில் விகுதி எப்போதும் சரி. 'புத்தகம் படிக்கிறேன்' என்பதை 'லிபெர் லெகோ' என்று எழுதினாள். 'லிப்ரும் லெகோ' என்று இருக்க வேண்டும். ரோசாவிலும் அப்படியே. பொருட்களைக் குறிக்கும் சொற்கள் செயப்படுபொருளாக வந்த பதினான்கு இடங்களில் பதினொன்று தவறு. மனிதரைக் குறிக்கும் சொற்களில் ஒன்றுகூடத் தவறில்லை.

இப்படிப் பிரித்து எழுதிப் பார்த்ததும் காரணம் கண்ணில் அறைந்தது. தமிழில் உயர்திணைச் செயப்படுபொருளுக்கு 'ஐ' பெரும்பாலும் விடாது வரும். அஃறிணைக்கு மறைந்தும் வரும். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று நானே ஆண்டுதோறும் நடத்திய பாடம். அந்தப் பழக்கத்தை அவள் இலத்தீனுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அதற்கு அஃறிணை என்ற பெயரையும் கொடுத்து உறுதிப்படுத்தியவள் நான். இலத்தீனிலோ பால் என்பது சொல்லின் குணம். பொருளின் குணத்தைப் பார்த்து வைப்பதில்லை. உயிரில்லாத புத்தகம் ஆண்பால், ரோசா பெண்பால்.

எடுத்த முடிவு: அஃறிணை என்ற சொல்லை முற்றிலும் விட்டுவிடுவது. மூன்றாம் பாலுக்கு இலத்தீன் இலக்கணம் வைத்த பெயர் நெயுத்ரும். 'இரண்டில் ஒன்றும் இல்லை' என்பதே அதன் பொருள். அதையே வைத்துக்கொண்டாள். சொல்லட்டைகளில் மூன்று நிற மை. தமிழ் விடையிலும் 'ஐ' கட்டாயம்: 'புத்தகத்தைப் படிக்கிறேன்' என்றே எழுத வேண்டும். கேட்கக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்; ஆனாலும் பிழை மூன்று வாரத்தில் ஏறக்குறைய நின்றது.

மழையும் நோட்டும்

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. நவம்பரில் மரம் விழுந்து மின்சாரம் போனது, சிக்னல் இல்லை. அவள் மூன்று நேரலை வகுப்புகளைத் தவறவிட்டாள். திரும்பிப் போனபோது குழு பதினைந்தாம் பாடத்தில் இருந்தது, அவள் பன்னிரண்டில். துரத்திப் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று பேசி, நேரலையை விட்டோம். மறுநாள் பள்ளியில் அவள் தூங்கி விழுவதும் ஒரு காரணம். தந்தை கடைவீதிக்குப் போகும்போது ஒலிப்பதிவுகளைத் தரவிறக்கி வருவார். மின்சாரம் இல்லாத நாளிலும் அவை கைவசம் இருந்தன.

நேரலை போனதும் உச்சரிப்பைத் திருத்த ஆளில்லை. அதன் விளைவு நோட்டில் தெரிந்தது. இலத்தீன் சொற்களை அவள் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். இதனால் ஒரு நன்மை உண்டு. இலத்தீனின் ஐந்து உயிர்களுக்கும் குறில், நெடில் உண்டு, பொருளே மாறும். மலும் என்றால் தீமை, மாலும் என்றால் ஆப்பிள். லிபெர் புத்தகம், லீபெர் சுதந்திரமானவன். சாதாரண இலத்தீன் அச்சில் இந்த நீளத்தைக் காட்டுவதில்லை. பாடநூல்களில் மட்டும் எழுத்தின்மேல் கோடு போடுவார்கள். தமிழிலும் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்றைய வடிவில் எழுத்தில் நிறுத்தியவர் வீரமாமுனிவர் என்பார்கள். இலத்தீன் அறிந்த அவருக்கு அந்தக் குறை உறுத்தியதில் வியப்பில்லை.

ஆனால் தமிழில் நாம் பிறமொழிப் பெயர்களின் இறுதி அகரத்தை நெடிலாக்கிவிடுவோம்: ரோசா, இந்தியா, கமேலியா. அவளும் புவெல்லா என்றே எழுதினாள். இலத்தீனில் புவெல்ல என்றால் எழுவாய். புவெல்லா என்றால் ஆல், இன், கண் என்னும் மூன்று உருபுகளின் வேலையையும் பார்க்கும் வேறொரு வேற்றுமை. 'இன் சில்வா புவெல்ல அம்புலத்', காட்டில் சிறுமி நடக்கிறாள். இரண்டையும் நெடிலாக எழுதிவிட்டு, எது காடு, எது சிறுமி என்று குழம்பினாள். ஒலிப்பதிவைக் கேட்டு இறுதிக் குறிலைக் குறிலாகவே எழுதச் செய்ததும் தெளிந்தது. காது முன்பே சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கை பழக்கத்தில் நீட்டியிருக்கிறது.

இன்னொரு கோளாறு தீராதது. தே (te) என்றால் 'உன்னை'; மெல்லொலியில் தொடங்கும் தே (de) என்றால் 'பற்றி'. 'உன்னைப் பற்றி' என்பது அவள் நோட்டில் 'தே தே' என்று இருந்தது. யாரையோ விரட்டுவது போல இருக்கிறது என்று இருவரும் சிரித்தோம். சிரித்த பிறகு மெய்யெழுத்துக்காக உரோமன் எழுத்துக்கே மாறினோம். நெடிலுக்கு மேலே கோடு.

முள்ளங்கி, பட்டாணி, பைன்

தமிழ் கைகொடுக்காத இடம் பெயரடை. 'நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம்': நமக்கு 'நல்ல' மாறுவதே இல்லை. இலத்தீனில் பெயரின் பால், எண், வேற்றுமை எல்லாவற்றுக்கும் ஏற்பப் பெயரடையும் மாறும். டிசம்பர் முழுக்க இது ஏறவில்லை.

வழி வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. முள்ளங்கி, ரபனுஸ் சதீவுஸ். லெட்டூஸ், லக்தூக்க சதீவ. பட்டாணி, பீசும் சதீவும். பூண்டு, அல்லியும் சதீவும். 'விதைத்துப் பயிரிடுவது' என்ற ஒரே பெயரடை, மூன்று பாலுக்கு மூன்று விகுதி. பாத்தி ஓரத்தில் நான்கு குச்சி நட்டு அட்டை கட்டினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, காய்கறிக்கும் ஆண் பெண் பார்க்கிறாளே என்றார்.

ஜனவரியில் அவளே ஒரு பிழையைக் கண்டுபிடித்ததாக ஓடிவந்தாள். பைன் மரத்தின் பெயர் பீனுஸ் பதுல. பீனுஸ், உஸ் என்று முடிகிறது, ஆண்பால். அப்படியானால் பதுலுஸ் என்றல்லவா இருக்க வேண்டும்? முன்பு போல உடனே விடை சொல்லவில்லை. பாடத்தில் தேடச் சொன்னேன். மரப் பெயர்கள் உஸ் என்று முடிந்தாலும் பெரும்பாலும் பெண்பால் என்ற ஒற்றை வரி, இருபதாம் பாடத்தின் அடிக்குறிப்பில் இருந்தது. அதன் பின் விகுதியைப் பார்த்துப் பால் முடிவு செய்வதை நிறுத்தினாள்.

விளைவு

ஆறு மாதத்தில் முடியும் என்று சொல்லப்பட்ட பாடத்தை முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. முப்பதில் இருபத்தேழு பாடம். செயப்பாட்டு வினை தொடங்கும் கடைசி மூன்றை விட்டுவிட்டாள். பழைய ஆறு குறுந்தேர்வுகளை இறுதியில் மீண்டும் எழுதினாள்: 8, 7, 9, 8, 8, 6. மீதிப் பிழைகளில் பாதிக்குமேல் இன்னமும் 'தி', 'எ'. பள்ளி மதிப்பெண் குறையவில்லை. ஆங்கிலத்தில் சற்றுக் கூடியது, அதற்கு இலத்தீன்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ் வேற்றுமைப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தாள். அதற்குக் காரணம் தெரியும்.

இழப்பும் உண்டு. பேச்சில் தயக்கம் போகவில்லை. உடன் படித்த பிள்ளைகள் யாரோடும் பழக்கம் நிலைக்கவில்லை. அவள் வயதில் அது சிறிய இழப்பன்று.

மீண்டும் செய்தால்

முதல் வாரத்திலேயே தவறுகளை வகை பிரிப்பேன்; ஆறு வாரம் ஒரு குழந்தை தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருக்க விடமாட்டேன். ஒலிப்பதிவு முழுவதையும் மழைக்கு முன்பே தரவிறக்கச் சொல்வேன். தொடக்கத்திலிருந்தே உரோமன் எழுத்து, நெடிலுக்குக் கோடு. வேற்றுமை அட்டவணையை ஒரே வரிசையில் வைத்திருப்பேன். வேறொரு காணொளியில் வேற்றுமைகள் வேறு வரிசையில் வந்து அவளை ஒரு வாரம் குழப்பியதை மேலே சொல்ல மறந்துவிட்டேன். நேரலையை விடும் முன், வாரம் பத்து நிமிடமாவது யாரேனும் கேட்டுத் திருத்த ஏற்பாடு செய்திருப்பேன்.

இப்போது எட்டாம் வகுப்பு. உருபேற்கும் முறையை வைத்துப் பிரித்த வகைகளில் மூன்றாம் வகைப் பெயர்ச்சொற்களைத் திரும்பப் படிக்கிறாள். ஃப்ளோஸ் என்றால் பூ. உருபேற்கும்போது அடி ஃப்ளோர் என்று மாறிவிடுகிறது. ஏன் மாறுகிறது என்று முறைத்துக்கொண்டிருக்கிறாள். மரம், மரத்தை, வீடு, வீட்டை என்று என் நாக்கு நுனியில் நிற்கிறது. அஃறிணையில் பட்டது நினைவிருப்பதால் வாயைத் திறக்காமல், அவள் நோட்டின் அடுத்த பக்கத்துக்காகக் காத்திருக்கிறேன்.